டார்ச்சின் வாய் பெரிதானால் படம் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

கண்ணாடி வழியே வளையும் ஒளியைக் கொண்டு அருவப் படம் எடுப்பது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். படங்கள் அருமை. செய்முறைதான் இடிக்கிறது. அதில் சொன்னபடியே ஒருவர் செய்தால் வெளுத்த மூட்டம் ஒன்றுதான் கிடைக்கும். படிகக் கண்ணாடியின் பெருமைக்கு அரைப் பக்கம் ஒதுக்கிய கட்டுரையாளர், ஒளி எவ்வளவு பெரிய வாயிலிருந்து புறப்படுகிறது என்பதை ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. முக்கால்வாசி வேலை அங்கேதான் இருக்கிறது.

இந்தப் படத்தில் கண்ணாடி தெரிவதில்லை. கேமராவில் லென்ஸ் கிடையாது. டார்ச் ஒளி கண்ணாடியில் புகுந்து, அதன் மேடு பள்ளங்களில் வளைந்து, நேரே கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சார்மேல் விழுகிறது. கதிர்கள் நெருங்கி ஒன்றன்மேல் ஒன்று மடியும் இடங்கள் பளீரென்ற கோடுகளாகின்றன. பளபளப்பான குவளைக்குள் வெயில் சாய்ந்து விழும்போது அடியில் கூர்முனையோடு ஒரு வளைவு தெரியுமே, அதன் உறவுதான் இது.

கோடு கூர்மையாக விழுமா என்பதற்கு எளிய கணக்கு உண்டு. ஒளி வாயின் அகலத்தை, கண்ணாடிக்கும் சென்சாருக்கும் உள்ள தூரத்தால் பெருக்கி, வாய்க்கும் கண்ணாடிக்கும் உள்ள தூரத்தால் வகுத்தால் மங்கலின் அளவு வரும். 30 மி.மீ. வாயுள்ள சாதாரண டார்ச்சை 1 மீட்டர் தள்ளி வைத்து, கண்ணாடிக்கு 20 செ.மீ. பின்னால் சென்சாரை வைத்தால் மங்கல் 6 மி.மீ. ஃபுல் ஃபிரேம் கேமராவிலேயே சென்சாரின் உயரம் 24 மி.மீ.தான், அதில் கால் பங்கு கலங்கிப்போனால் மிச்சம் என்ன? அதே டார்ச்சின் முன்லென்ஸையும் பிரதிபலிப்பானையும் எடுத்துவிட்டு, அலுமினியத் தாளில் ஊசியால் 1 மி.மீ. துளை போட்டு எல்.இ.டி.யை ஒட்டினாற்போல் மூடினால் மங்கல் 0.2 மி.மீ.க்கு இறங்கிவிடும். வெயிலைப் பயன்படுத்தலாமே என்பார்கள். வானத்தில் சூரியனின் அகலம் ஏறக்குறைய அரை டிகிரி, 20 செ.மீ. தூரத்தில் அதுவே சுமார் 2 மி.மீ. மங்கலைத் தரும். போதாக்குறைக்குக் கண்ணாடி அதைக் குவித்துச் சென்சாரைச் சுட்டுவிடும். லேசரும் வேண்டாம். சென்சாருக்கும் கண்ணுக்கும் ஆபத்து, படமும் புள்ளி புள்ளியாகப் பொரிந்து நிற்கும்.

நிறத்துக்கும் இதே கணக்குதான். ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்வது விலகல் எண். சாதாரணக் கண்ணாடியில் சிவப்புக்கு அது ஏறத்தாழ 1.514, நீலத்துக்கு 1.522. இவ்வளவு சின்ன வித்தியாசம் ஒரு கோட்டின் ஓரத்தில் சிவப்பாகவும் நீலமாகவும் பிரிந்து தெரிய வேண்டுமானால் கோடு மெல்லியதாக இருக்க வேண்டும். மங்கல் கூடினால் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்து வெள்ளையாகிவிடும். படிகக் கண்ணாடி நிறத்தை இன்னும் அகலமாகப் பிரிக்கும் என்பது உண்மைதான். ஆனால் வடிவத்தைத் தருவது குறைகள். நன்றாக மெருகேற்றிய லென்ஸ் ஒற்றைப் புள்ளியைத் தரும், அவ்வளவுதான். பாட்டிலின் அடிப்பாகம், வார்த்தெடுத்த மலிவுக் கிண்ணம், வளைந்த அக்ரிலிக் துண்டு இவைதான் வலைபோல் பின்னும். தட்டையான கண்ணாடித் துண்டில் தெளிவான பசையை ஒரு சொட்டு விட்டுக் காயவைத்துப் பாருங்கள். சொட்டின் விளிம்பு கோணலாக இருக்க இருக்கக் கூர்முனைகள் கூடும்.

கண்ணாடியைக் களிமண்ணில் பதித்து நிறுத்துங்கள். கையில் பிடித்தால் ஆகாது, மயிரிழை திரும்பினாலும் உருவமே மாறிவிடும். சென்சாருக்கு 5 செ.மீ. அருகில் இருந்தால் கோடுகள் இன்னும் மடிந்திருக்காது, வெறும் அலையாகத் தெரியும். 20, 30 செ.மீ. தள்ளினால் வலை விரியும். அதற்கும் மேல் போனால் சிதறி மங்கும்.

பலர் தோற்பது வேறோர் இடத்தில். கண்ணாடியின் ஓரமாகத் தப்பி வரும் நேர் ஒளி, கறுப்பாக இருக்க வேண்டிய பின்னணியைச் சாம்பலாக்கிவிடும். கறுப்பு அட்டையில் கண்ணாடியைவிடச் சற்றுச் சிறிய துளை வெட்டி முன்னால் நிறுத்தினால் தீர்ந்தது. அறை இருட்டாக இருக்க வேண்டும். கேமராவின் வாயில் கறுப்புக் காகிதக் குழல் ஒன்றும் வேண்டும். மிரர்லெஸ் கேமராக்களில் (உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாதவை) ‘லென்ஸ் இல்லாமல் படமெடு’ என்ற அமைப்பை முதலில் இயக்க வேண்டும், இல்லாவிட்டால் ஷட்டர் நகராது. ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, ஒளி விழும் நேரம் அரை நொடி என்று தொடங்கி, மிகப் பிரகாசமான கோடு வெளுக்காத அளவுக்கு நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். டார்ச்சை இரு மடங்கு தள்ளினால் நேரம் நான்கு மடங்கு. கேமரா திருத்தாத ரா கோப்பாகவே எடுங்கள். வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படமும் ஒவ்வொரு நிறத்தில் வரும்.

வரலாற்றிலும் ஒரு திருத்தம். புகைப்படக் கலைஞர் ஆல்வின் லாங்டன் கோபர்ன் 1917-இல் எடுத்த ‘வோர்ட்டோகிராஃப்’ என்ற அருவப் படங்களை இதன் முன்னோடி என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். கோபர்ன் முக்கோணமாக இணைத்தது முகம் பார்க்கும் கண்ணாடிகளை. அது எதிரொளிப்பு, விலகல் அல்ல. முகம் பார்ப்பதற்கும் ஒளி ஊடுருவுவதற்கும் தமிழில் ‘கண்ணாடி’ என்ற ஒரே சொல் இருப்பதால் வந்த வினையோ என்னவோ. லென்ஸே இல்லாமல், பொருளை ஒளியுணர் தாளின்மேல் வைத்து 1920-களில் கலைஞர் மோஹோலி-நாகி செய்த ஃபோட்டோகிராம்கள் இதற்கு நெருங்கிய சொந்தம்.

கடைசியாக, மூன்றாவது படத்தின் வலது மூலையில் வளையத்துக்குள் வளையமாகத் தெரிபவற்றை ‘கண்ணாடிக்குள் சிறைப்பட்ட காற்றுக்குமிழிகள்’ என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அவை சென்சார்மேல் ஒட்டிய தூசி. புள்ளி ஒளியில் ஒவ்வொரு துகளும் தன்னைச் சுற்றி இப்படி வளையம் போடும். கண்ணாடியைத் திருப்பி இன்னொரு படம் எடுத்தாலும் அதே இடத்தில் நிற்கும். ஊதுபந்தால் ஊதினால் போகும். எடுக்கும்போது கேமராவின் வாயைச் சற்றுக் கீழ்நோக்கி வைத்தால் அவ்வளவாகச் சேராது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்