ஒரே விலையில் ஈர விறகும் காய்ந்த விறகும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் கல்யாணச் சமையல், பரோட்டாக் கடை, செங்கல் சூளை என இன்றும் விறகை நம்பி நடக்கும் தொழில்கள் பல உண்டு. எடையில் குறை வைப்பவர்களைப் பற்றி நான் எழுத வரவில்லை. அதைக் கவனிக்க 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டமும் தொழிலாளர் துறையும் இருக்கின்றன. தராசு சரியாக இருந்தும் வாங்குபவர் நட்டப்படுவதே என் கவலை.

பச்சையாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அதைப் பிளந்து, வெயிலும் காற்றும் புகும்படி அடுக்கிச் சில மாதங்கள் விட்டால், ஈரம் 20 சதவீதத்துக்கோ அதற்குக் கீழோ இறங்கும். அந்த நிலைக்கு வரும்போது ஒரு டன் பச்சைக் கட்டை 625 கிலோ அளவில்தான் நிற்கும். மீதி 375 கிலோவுக்குக் கொடுத்த பணம் தண்ணீருக்குக் கொடுத்த பணம். காயாமலே அடுப்பில் வைத்தாலோ, வெட்டுமுனையில் நுரை தள்ளிச் சீறிக்கொண்டு, தன் ஈரத்தைத் தானே ஆவியாக்குவதற்கே எரிகிற சூட்டில் ஒரு பங்கைத் தின்றுவிடும். அதற்குள் சமையல்கட்டு முழுக்கப் புகை மண்டி, உலையும் கொதிக்காமல், பந்தி நேரமும் நெருங்கிவிடும்.

நம் பக்கத்துக்கு வரும் விறகில் பெரும்பகுதி சீமைக் கருவேலம். கண்மாய்களிலிருந்தும் தரிசு நிலங்களிலிருந்தும் வெட்டிய கையோடு லாரியில் ஏற்றப்படுவதால், அது காய்வதற்கு அவகாசமே கிடைப்பதில்லை. 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை இம்மரங்களை அகற்ற உத்தரவிட்டபோது ஊரெங்கும் கட்டைகள் குவிந்தன. கருவேலத்தைக் குறை சொல்வதற்கில்லை. காய்ந்துவிட்டால் நின்று எரிந்து, கனமான தணலைத் தருவதில் புளியங்கட்டைக்கு அது எவ்வகையிலும் இளைத்ததன்று.

இதைவிடக் குழப்பம் தருவது கலப்பட லோடு. மேலே கருவேலமும் வேம்பும் தெரியும். அடியில் ஒதியும் முருங்கையும் இலவமும் கிடக்கும். ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது என்பார்கள். விறகிலும் அதன் கதை ஏறக்குறைய அதுவே. ஆனால் மென்மரம் என்றாலே சூடு இல்லை என்பது சரியன்று. நன்றாகக் காய்ந்த பின் கிலோவுக்குக் கிலோ பார்த்தால் மென்மரமும் வன்மரமும் தரும் வெப்பத்தில் பெரிய வேறுபாடு கிடையாது. மென்மரம் அடர்த்தி குறைந்ததால் மளமளவென்று எரிந்து சாம்பலாகிவிடும், தணல் தங்காது. அடுப்பைப் பற்றவைக்கவும் வெந்நீர் போடவும் அது போதும். பிரியாணிக்குத் தம் போட உதவாது. எடைக்கு வாங்காமல் வண்டிக் கணக்கில் வாங்குபவருக்குத்தான் இதில் முழு நட்டம், ஏனெனில் அதே வண்டி நிறைய வந்தாலும் எடை வெகுவாகக் குறைந்திருக்கும்.

காய்ந்த கட்டையைக் கண்டுகொள்வது கடினமன்று. வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வெடிப்புகள் ஓடியிருக்கும், பட்டை கையோடு பெயர்ந்து வரும், இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'ணங்' என்று கேட்கும். ஈரக் கட்டை 'தொப்' என்றே ஒலிக்கும். ஆனால் இரவோடு இரவாக மண்டபத்தில் இறக்கிவிட்டுப் போகும் லோடில் யார் தட்டிப் பார்ப்பது?

நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 17 சதவீதம் என்று ஈரப்பத வரம்பு வைத்துக் கருவியால் அளந்தே நெல்லை எடுக்கிறார்கள். மரத்தின் ஈரத்தை அளக்கவும் கையடக்கக் கருவிகள் இருக்கின்றன. விறகுக் கடைக்காரர்கள் ஒன்றை வாங்கி வைத்து, மரவகையையும் ஈரத்தையும் வாங்குபவர் கண்முன் சொல்லி, பச்சைக்கும் காய்ந்ததற்கும் தனித்தனி விலை எழுதிப் போடலாம்.

கடைக்காரர்கள் தரப்பிலும் நியாயம் உண்டு. மாதக்கணக்கில் இடத்தையும் முதலையும் முடக்கி, எடை குறைவதைப் பார்த்துக்கொண்டு காயவைப்பவருக்குப் பச்சை விறகின் விலையையே கொடுத்தால் அவர் ஏன் காயவைக்க வேண்டும்? மேற்சொன்ன கணக்குப்படி, காய்ந்த விறகுக்கு டன்னுக்கு ஒன்றரை மடங்கு விலை கொடுத்தாலும் வாங்குபவருக்கு நட்டமில்லை. ஐப்பசி முகூர்த்தங்களும் மழையும் சேர்ந்தே வருவதால், ஆடிக்குள் பிளந்து அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போட்டுப் பக்கங்களைத் திறந்துவிட்ட விறகுக்கு முன்பணம் கொடுத்து வைக்கச் சமையல் ஒப்பந்ததாரர்கள் முன்வர வேண்டும். அடுத்த பருவத்துக்கு அப்படிக் கேட்கவே நான் எண்ணியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சமையல் ஒப்பந்ததாரர் ஒருவர்,
திருமங்கலம்.