ஹெட்டை வாங்கும் முன் கிராங்கைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய ஃபோர்டு கார்களுக்கு ஓவர்ஹெட் வால்வ் ஹெட் (வால்வுகள் பிஸ்டனுக்கு மேலே அமைந்த இன்ஜின் மூடி) பொருத்துவது பற்றித் தங்கள் மோட்டார் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தால், பழைய சைடு வால்வ் (வால்வுகள் பக்கவாட்டில் இருக்கும்) ஹெட்டைக் கழற்றிப் புதியதை முடுக்கியதும் வேலை முடிந்துவிடும் என்றே தோன்றும். அதை நம்பி ஸ்பேனரை எடுத்தால் முதலில் அடி வாங்குவது, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்தான்.

ஃப்ரான்டனாக், ராஜோ ஹெட்டுகள் மாடல் டி-க்கும், ரைலி, கிரேகர் ஹெட்டுகள் மாடல் ஏ-க்கும் அந்தக் காலத்திலேயே வந்தவை. 1923 இண்டியானாபொலிஸ் 500 பந்தயத்தில் ஃப்ரான்டனாக் ஹெட் போட்ட ஃபோர்டு ஐந்தாவதாக வந்தது. ஆனால் பந்தய இன்ஜினை அடிக்கடி பிரித்துப் பார்க்க ஆள் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் வண்டிக்கு அந்தக் கவனிப்பு கிடையாது.

மாடல் டி 2.9 லிட்டர், 20 குதிரைத்திறன். கிராங்க் ஜர்னல் (பேரிங்கில் சுழலும் பகுதி) விட்டம் வெறும் 1¼ அங்குலம்; மெயின் பேரிங் மூன்றே; எதிர் எடை இல்லை. ஆயில் பம்ப்பும் இல்லை, ஃப்ளைவீல் வாரி இறைப்பதுதான். 40 குதிரைத்திறன் கொண்ட மாடல் ஏ-யில் பம்ப் உண்டு. ஆனால் அது ஆயிலை வால்வ் சேம்பருக்கு ஏற்றுவதோடு சரி. அங்கிருந்து மெயின் பேரிங்குகளுக்கு அது தானாக வடிய வேண்டும். இரண்டிலும் அழுத்த விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு சுருக்குகிறது என்பது) சுமார் 4:1. அதை 6:1-க்கு மேல் கொண்டுபோனால் ஒவ்வொரு அடியிலும் பேரிங்கின் உள்பூச்சான பேபிட் என்ற மென் உலோகம் களைத்து, நுண்ணிய வெடிப்பு விட்டு, செதில் செதிலாக உதிரும். ஆகவே முதலில் கிராங்கைக் காந்தமுறையில் வெடிப்புச் சோதனை செய்து பேலன்ஸ் பண்ணுங்கள். பிளாக்கில் இடமிருந்தால் ஷெல் பேரிங்குக்கு (கழற்றி மாற்றக்கூடிய மெல்லிய பேரிங் ஓடு) மாறுவது நல்லது. பேரிங் இடைவெளி, ஜர்னல் விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 0.001 அங்குலம் என்பது பழைய கணக்கு, இன்றும் பொருந்தும்.

பழைய ஹெட் கிடைத்தால், பளபளப்பைப் பார்த்து ஏமாற வேண்டாம். இரண்டு வால்வ் சீட்டுகளுக்கு (வால்வ் வந்து அமரும் இடம்) நடுவிலும் பிளக் துளையைச் சுற்றியும்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். பிரஷர் டெஸ்ட் செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள். ஈயமில்லாப் பெட்ரோலுக்குக் கடின எக்ஸாஸ்ட் சீட் போடுவது நல்லது.

கட்டுரை தொடாமலே விட்டது, வால்வை அழுத்தித் திறக்கும் கையான ராக்கரின் கணக்கு. கேம் (வால்வைத் திறக்கத் தூக்கும் மேடு) 0.250 அங்குலம் தூக்கினால், 1.5:1 ராக்கர் அதை 0.375 ஆக்கிவிடும். பழைய ஹெட்டில் வால்வ் பிஸ்டனுக்கு மேலே வராது, இதில் வரும். பிஸ்டன் தலையில் களிமண் ஒட்டி, உண்மையில் போடப்போகும் கேஸ்கெட்டோடு ஹெட்டை இறுக்கி, டேப்பட் இடைவெளியை (ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடுவது) சரியாக வைத்து, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். தட்டுப்பட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பிறகு களிமண்ணை வெட்டி, அதன் மிக மெல்லிய இடத்தை அளந்து பாருங்கள்: இன்டேக் பக்கம் 0.080, எக்ஸாஸ்ட் பக்கம் 0.100 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. ஸ்பிரிங்கும் முழுத் தூக்கலில் சுருள்கள் முட்டாமல் மொத்தம் 0.060 அங்குலம் மிச்சம் வைக்க வேண்டும். கேமின் அசைவை ராக்கருக்குக் கொண்டுபோகும் புஷ் ராடின் நீளத்தைக் கண்ணால் தீர்மானிக்க முடியாது. வால்வ் முனையில் மார்க்கர் பூசிச் சுற்றினால் ராக்கர் தேய்த்த தடம் தெரியும்; அது ஓரத்துக்கு ஒதுங்கியிருந்தால் நீளம் தவறு. அப்படியே ஓட்டினால் வால்வ் கைடு (வால்வ் தண்டு ஓடும் துளை) ஒரு பக்கமாகத் தேய்ந்து நீள்வட்டமாகிவிடும்.

ராக்கருக்கு ஆயில் தாராளமாகக் கொடுப்பது இன்னொரு வழக்கமான பிழை. மாடல் ஏ பம்ப்பின் அழுத்தம் மிகக் குறைவு. மேலே திருப்பிவிட்டால் கீழே மெயின் பேரிங் காயும். ஊட்டும் குழாயில் 1.5 மில்லிமீட்டர் துளையுள்ள அடைப்பு வைத்து, திரும்பும் குழாயை அகலமாக விடுங்கள். வடிவது தாமதமானால் கைடு வழியே ஆயில் இறங்கிப் பிளக் கறுக்கும்.

ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று சுற்றில் இறுக்க வேண்டும். சூடேறி ஆறியபின் ஒருமுறை இறுக்கம் பார்த்து, டேப்பட்டையும் மறுபடி சரிசெய்யுங்கள். அலுமினிய ஹெட்டானால் சூட்டில் டேப்பட் இடைவெளி கூடும். அதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பிரேக் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. மாடல் டி-யில் கால் பிரேக் கியர்பாக்ஸுக்குள் இருக்கிறது. பின் அச்சு விட்டுக்கொடுத்தால் அதுவும் போய்விடும். பின் அச்சின் பழைய பேபிட் த்ரஸ்ட் வாஷர்கள் நொறுங்குவதால் அப்படி நேர்ந்ததுண்டு. அவற்றை வெண்கல வாஷர்களாக மாற்றி, பின்சக்கரங்களில் தனி பிரேக் பொருத்திய பிறகே ஹெட்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்