உங்கள் கதாபாத்திரங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும்

தமிழ்த் தொலைக்காட்சித் தொடர்களுக்குக் கதை, திரைக்கதை, வசனம் எழுதுகிறவர்களுக்கும், எந்த டிராக் (கதைப்போக்கு) எத்தனை வாரம் ஓட வேண்டும் என்று முடிவு செய்கிற சேனல் கதைப் பிரிவினருக்கும்,

வணக்கம்.

சீரியல்களைக் கேலி செய்து எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் அதற்காக எழுதவில்லை. தூர்தர்ஷனில் 13 வாரத் தொடர்கள் வந்த காலத்திலிருந்து பார்த்து வருகிறவள் நான். இன்றைக்கும் அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிறேன், விரும்பித்தான் பார்க்கிறேன். இழுக்கிறார்கள், அழவைக்கிறார்கள், ஒரு அறை விழுந்தால் ஒன்பது பேர் முகத்தைக் காட்டுகிறார்கள் என்று மற்றவர்கள் அடுக்கும் குறைகளெல்லாம் எனக்குப் பெரிதாகத் தோன்றியதே இல்லை. அழ வேண்டிய இடத்தில் அழத்தானே வேண்டும்?

எனக்கு இருக்கும் குறை ஒன்றே ஒன்று. உங்கள் கதாபாத்திரங்களுக்குத் தங்களுக்கு நடந்தது ஞாபகம் இருப்பதில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். தொடரின் பெயர் வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டால் இன்னும் நாலு தொடர்களுக்குப் பொருந்தும். மூத்த மருமகள் மாமியாரின் நகையை எடுத்து இளையவளின் அலமாரியில் ஒளித்துவைக்கிறாள். மூன்று வாரம் இளையவள் திருடிப் பட்டம் சுமக்கிறாள். அப்புறம் ஒரு சனிக்கிழமை, யாரோ போனில் எடுத்த வீடியோவால் உண்மை வெளியே வருகிறது. மாமியார் மூத்தவளை அறைகிறார். மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். மூத்தவள் காலில் விழுகிறாள், மன்னித்துவிடுகிறார்கள். நல்ல காட்சிகள்தான், நடிப்பிலும் குறையில்லை. இரண்டு மாதம் போகிறது. இப்போது வீட்டுப் பத்திரத்தைக் காணவில்லை. அதே மூத்தவள் அதே இளையவளைக் கைகாட்டுகிறாள். அதே மாமியார், அதே கூடத்தில், கொஞ்சமும் தயங்காமல் "நீ இப்படிப் பண்ணுவேன்னு நான் நினைக்கவே இல்லடி" என்கிறார். என் அம்மா டிவியைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, நகை விஷயத்துல மாட்டுனது அவதானே? அதுக்குள்ள மறந்துபோச்சா உனக்கு?"

அம்மா எழுபதைத் தாண்டியவர். காலை மாத்திரையைப் போட்டாரா என்று நான்தான் நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. அவருக்கு ஞாபகம் இருப்பது அந்த மாமியாருக்கு ஏன் இல்லை?

உங்கள் படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்க்க உதவி இயக்குநர்கள் இருக்கிறார்கள். வாசலில் எடுத்த காட்சியின் மிச்சத்தை இரண்டு நாள் கழித்துக் கூடத்தில் எடுத்தாலும் அதே புடவை, அதே பொட்டு, நெற்றியில் அடிபட்டிருந்தால் அதே பக்கத்தில் அதே அளவு காயம் என்று போட்டோவை வைத்துச் சரிபார்க்கிறார்கள். அந்த உழைப்பு திரையில் தெரிகிறது. நெற்றிக் காயத்துக்குக் காட்டுகிற அக்கறையைக் காயம்பட்ட மனசுக்கும் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன். யாருக்கு என்ன தெரியும், யார் எப்போது பொய் சொல்லி மாட்டினார், யாருக்கு யார் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை என்றெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைக்க ஒரே ஒரு உதவி எழுத்தாளர் போதும். அமெரிக்கத் தொடர்களில் இப்படியொரு குறிப்பேட்டுக்கு 'பைபிள்' என்றே பெயர். பாதியில் எழுத வந்து சேருகிறவர்கூட அதைப் புரட்டினால் நடந்ததெல்லாம் தெரிந்துவிடும்.

உங்கள் சிரமம் தெரியாமல் பேசவில்லை. கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று டைட்டில் கார்டிலேயே பிரிந்து வருகிறது. வாரத்துக்கு ஐந்தாறு எபிசோடு கொடுத்தாக வேண்டும். சில நாள் அன்றைய காட்சி அன்று காலையில்தான் கைக்கு வரும் என்று நடிகர்கள் பேட்டிகளில் சொல்லிக் கேட்டிருக்கிறோம். ஆனால் அந்த அவசரத்திலும் பொட்டு இடம் மாறுவதில்லையே.

'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு கார்டு போடுகிறீர்கள். நேற்றுவரை அண்ணனாக இருந்தவர் போய், இன்றைக்கு வேறொருவர் அதே சட்டையில் வந்து நிற்கிறார். முதல் இரண்டு நாள் கொஞ்சம் உறுத்தும், மூன்றாம் நாள் அவர்தான் எங்களுக்கு அண்ணன். முகம், குரல், உயரம் எல்லாம் மாறிப்போனாலும் ஏற்றுக்கொள்கிறோம். தங்கையிடம் அவர் பட்ட கடனும் தம்பியோடு போட்ட சண்டையும் அவரிடம் அப்படியே இருக்கிறது என்று நம்புவதால்தான் அது முடிகிறது. அதே முகம் வந்து, போன மாதச் சண்டையே நடக்காத மாதிரிப் பேசினால் அந்த ஆளைத்தான் எங்களால் ஏற்க முடிவதில்லை. ஒரு கதாபாத்திரத்தில் நாங்கள் பிடித்துக்கொண்டிருப்பது எதை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி உங்களுக்கு வேண்டுமா?

அப்புறம் இந்த நீளம். நீளத்தைத் தொடர்களின் சாபம் என்கிறார்கள். எனக்கு அது வரமாகத்தான் தெரிகிறது. விளம்பரம் போக எபிசோடுக்கு 20 நிமிடம், வாரம் ஆறு நாள் என்று வைத்தால் வருஷத்துக்கு 100 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. ஒரு சினிமா இயக்குநருக்கு இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கும். அதற்குள் ஒரு மனிதர் திருந்தியாக வேண்டும், அதனால் ஒரு பாட்டிலேயே திருந்திவிடுகிறார். உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை. 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை 1,533 எபிசோடு ஓடியது. ஒரு பெண் ஆறு வருஷத்தில் எப்படி மாறுவாளோ, அதே வேகத்தில் அதன் நாயகி அபி எங்கள் கண்ணெதிரே மாறினாள். வேறெந்தக் கலையில் இது நடக்கும்? பார்க்கிறவர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகும்வரை கூடவே வருகிற கதை இது ஒன்றுதான்.

பழசு எல்லாம் உசத்தி என்று பாடவும் வரவில்லை. அப்போதும் சொதப்பல்கள் இருந்தன. ஆனால் 'மெட்டி ஒலி'யை இன்றைக்கும் பேசுகிறோம் என்றால், ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அந்த அப்பாவுக்கு எதுவும் மறக்காமல் இருந்ததும் ஒரு காரணம். ஒரு மகள் வீட்டில் பட்ட அவமானம் அடுத்த மகள் வீட்டுக்குப் போகும்போதும் அவர் முகத்தில் இருக்கும். சம்பந்தி ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே அவர் தோள் இறங்கிவிடும். அந்த அப்பாவாக நடித்த டெல்லி குமார் அதற்கு வசனமே பேச வேண்டியிருக்காது. நடந்ததெல்லாம் அந்த உடம்பில் சேர்ந்திருந்தது.

சமீப காலத்தில் 'எதிர்நீச்சல்' தொடர். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானபோது, வீடுகளில் ஏதோ சொந்தக்காரர் போன மாதிரி பேசிக்கொண்டார்கள். அத்தனை பெண்களையும் அடக்கி வைத்த ஒரு பாத்திரத்துக்கு அவ்வளவு இடம் எப்படிக் கிடைத்தது? நடிப்பு பெரிய காரணம். எழுத்தும் காரணம். தான் சொல்வதுதான் குடும்பத்துக்கு நல்லது என்று அந்த ஆள் மனசார நம்பினார், யார் எதிர்த்துப் பேசினாலும் அதை மனசில் வைத்துக்கொண்டு பேசினார். மருமகள்களும் அப்படியே. குணசேகரனின் மனைவி ஈஸ்வரி பேசாமல் இருந்த வருஷங்கள் எல்லாம் சேர்ந்துதான் அவள் பேசிய நாளுக்கு அந்தக் கனத்தைக் கொடுத்தன.

இன்றைய வில்லிகளோ இருபது சூழ்ச்சி செய்து இருபதிலும் தோற்கிறார்கள், தோல்வியிலிருந்து எதுவும் கற்றுக்கொள்வதில்லை. போன தடவை எப்படி மாட்டினோம் என்று ஞாபகம் வைத்திருக்கும் வில்லி ஒருத்தியைக் கொடுங்கள், நாங்கள் உண்மையிலேயே பயப்படுவோம்.

இப்போது எனக்கு மிகவும் வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். கட்டாயத் தாலி.

ஒரு பெண் வேண்டாம் என்று கத்துகிறாள். கோயிலிலோ மண்டபத்திலோ ஒருவன் அவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். மேளம் கொட்டுகிறது, எல்லார் முகமும் ஒவ்வொன்றாக வருகிறது, 'தொடரும்' போடுகிறீர்கள். மறுநாள் அவள் அந்த வீட்டுக்குள் வலது காலை எடுத்துவைக்கிறாள். முதல் மாதம் வெறுக்கிறாள். இரண்டாம் மாதம் அவனுக்குக் காய்ச்சல், இவள் நெற்றியில் துணி நனைத்துப் போடுகிறாள். நாலாம் மாதம் மழையில் இருவருக்கும் ஒரு பாட்டு. அந்த நாள் என்ன நடந்தது என்பது கதையிலிருந்தே காணாமல் போய்விடுகிறது. கேட்டால் 'ரொமான்ஸ் டிராக்' என்பீர்கள்.

அது ஒரு குற்றம் என்பதைக்கூட விடுங்கள். எழுத்தாகவே பாருங்கள், எவ்வளவு பெரிய கதையைக் கைநழுவ விடுகிறீர்கள்! 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டத்தின் 12ஆவது பிரிவு, பலவந்தத்தால் சம்மதம் பெறப்பட்ட திருமணத்தை ரத்து செய்யக் கேட்கும் உரிமையை அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கிறது. அதற்குக் கெடு உண்டு: பலவந்தம் நீங்கி ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். அதற்குப் பிறகு அவளே முழுச் சம்மதத்தோடு மனைவியாக அவனுடன் வாழ்ந்திருந்தால் அந்த வழியும் அடைபட்டுவிடும். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒரு வருஷக் கெடு, அதாவது முந்நூறு எபிசோடு. வெளியே போ என்கிற தோழி, ஊர் என்ன சொல்லும் என்கிற அப்பா, மெல்ல நல்லவனாகிக்கொண்டிருக்கிற அவன், கேலண்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிற அவள். இதில் எந்தப் பக்கம் போனாலும் கதை இருக்கிறது. சட்டமே உங்களுக்குத் திரைக்கதை எழுதிக் கொடுத்திருக்கிறது.

அவள் அவனை மன்னிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மன்னிப்பதும் மனுஷ சுபாவம்தான். ஆனால் மறக்காமல் மன்னிக்கட்டும். அந்த வீட்டில் அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தூங்குகிறவளாக அவளைக் காட்டுங்கள். ஐம்பதாவது எபிசோடிலும் போடட்டும், இருநூறாவது எபிசோடிலும் போடட்டும். அவன் ஒரு வார்த்தை கேட்காமல் திண்ணையில் படுக்கட்டும். என்றைக்காவது ஒரு ராத்திரி அவள் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டுப் போடாமல் திரும்பினால், அதற்கு மழையும் வேண்டாம், பாட்டும் வேண்டாம். அடுத்த நாள் முழுக்க நாங்கள் அதைப் பற்றித்தான் பேசுவோம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தத் தொடர்களை வயசுப் பெண்களும் பையன்களும் எங்களோடு உட்கார்ந்து பார்க்கிறார்கள். பலவந்தம் நாலு மாதத்தில் காதலாகிவிடும் என்பதை அவர்கள் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தே பார்த்துக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆண்கள் எல்லாரும் ஒரு 'கம்பெனி' நடத்துகிறார்கள். அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று ஐந்நூறு எபிசோடு தாண்டியும் தெரிவதில்லை. ஒரு டெண்டர் வரும், ஒரு ஃபைல் திருடுபோகும், அவ்வளவுதான். மனிதர்கள் தங்கள் வேலையை வீட்டுக்கும் சுமந்து வருகிறவர்கள். பகலெல்லாம் கவுண்டரில் நின்று திட்டு வாங்கியவள் ராத்திரி சோறு போடும்போது எப்படி இருப்பாள் என்று தெரிந்தால்தான் அவள் யார் என்று எங்களுக்குத் தெரியும்.

டிஆர்பி என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. எந்தத் தொடரை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கிடும் 'பார்க்' (BARC) அமைப்பின் பட்டியல் வியாழக்கிழமை வருகிறது, புள்ளி இறங்கினால் டிராக்கை மாற்றச் சொல்கிறார்கள், பிழைப்பு அதில்தான் இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாதிரிக்காகத் தேர்ந்தெடுத்த வீடுகளில் அந்தக் கணக்கை எடுக்க வைத்திருக்கும் கருவிக்குத் தெரிந்ததெல்லாம், எந்த நிமிடத்தில் எந்த சேனல் ஓடியது, வீட்டில் யார் பார்த்தார்கள் என்பதுதான். நெஞ்சு அடைத்துப் பார்த்தார்களா, கீரை ஆய்ந்துகொண்டே பார்த்தார்களா என்று அதற்குத் தெரியாது. வாரக் கணக்கில் அறையும் கடத்தலும் புள்ளியை ஏற்றலாம். பத்து வருஷம் கழித்துப் பேசவைக்கும் காட்சி எது என்று அந்தப் பட்டியலில் வராது. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்றபோது சேனல்கள் எந்தத் தொடர்களைத் தூசி தட்டி எடுத்தன என்று நினைத்துப் பாருங்கள். பெயர்களைப் பார்த்தாலே காரணம் உங்களுக்குப் புரியும்.

கடைசியாக, சேனல்காரர்களிடம் மட்டும் ஒன்று. தொடரை நிறுத்துவதென்றால் நிறுத்துங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் ஆயிரம் எபிசோடு ஓடியதை ஒரே வாரத்தில் சுருட்டாதீர்கள். திங்கட்கிழமை கொலைத் திட்டம் போட்டவள் வெள்ளிக்கிழமை திருந்தி, சனிக்கிழமை எல்லாரும் வரிசையாக நின்று குரூப் போட்டோ எடுத்து, 'சுபம்' போட்டுவிடுகிறீர்கள். அத்தனை நாள் கூட வந்தவர்களுக்கு அது போதாது. எழுதுகிறவர்களிடம் குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். யார் யாருக்கு என்ன பாக்கி இருக்கிறது என்று அந்த நோட்டைப் பார்த்துத் தீர்த்துவைக்க அவர்களுக்கு 24 எபிசோடாவது கிடைக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் தொடர்களை விடாமல் பார்க்கும் ஒரு பார்வையாளர்