தூக்கத்திலும் அடங்காத துடிப்பு

ஆசிரியருக்கு,

கெண்டைக்கால் பிடிப்புக்குத் தண்ணீர், உப்புக் குறைவைக் காரணமாகச் சொன்ன உங்கள் கட்டுரை பலருக்குப் பொருந்தும். என் அண்ணனுக்குப் பொருந்தவில்லை. தோலுக்கடியில் புழு நெளிவதுபோல அவர் கெண்டைக்கால் தூக்கத்திலும் துடித்தது. மின்விசிறிக்குக் கீழேயே சட்டை நனைய வேர்த்தது. இறுக மூடிய கையை விரிக்கச் சில நொடிகள் ஆகும். 'நரம்புத் தளர்ச்சி' என்று ஒன்றரை வருடம் சத்து ஊசி போட்டார்கள். வாழைப்பழம் தின்றே அலுத்துப்போனார், பாவம்!

கடைசியில் தசையில் ஊசி செருகிப் பார்க்கும் ஈ.எம்.ஜி. சோதனையில்தான் பிடிபட்டது: ஐசக்ஸ் நோய். 1961இல் தென்னாப்பிரிக்காவில் ஐசக்ஸ் என்ற மருத்துவர் விவரித்தது. நரம்பின் சமிக்ஞையை அடக்கும் பொட்டாசியம் வாயில்களை ஒட்டியுள்ள காஸ்பர்-2 போன்ற புரதங்களை கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் உடலின் ஆன்டிபாடிகளே தாக்க, நரம்பு ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். சிலருக்கு நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டியும் கூடவே இருக்குமாம். ஸ்கேனில் அது இல்லை, நல்லவேளை. வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் மாத்திரையில் துடிப்பு வெகுவாகக் குறைந்தது.

இமை துடிப்பவர்கள் பயப்பட வேண்டாம், அது வேறு. ஆனால் மாதக்கணக்கில் துடித்தால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

– ஒரு வாசகர், திருச்சி