1950 உலகக் கோப்பைக் கதையைத் திருத்துங்கள்: அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்புக்கு ஒரு திறந்த மடல்

அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவருக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

1950இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்திய அணி ஏன் போகவில்லை என்று யாரைக் கேட்டாலும், வெறுங்காலுடன் ஆட ஃபிஃபா அனுமதிக்கவில்லை என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது. வினாடி வினா மேடைகளில் இன்றும் உலவும் இக்கதைக்கு ஆவணங்களோடு முற்றுப்புள்ளி வைக்க வேண்டியவர்கள் தாங்களே என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

நம்மவர்கள் வெறுங்காலுடன் ஆடியது உண்மைதான். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்சை எதிர்த்து இல்ஃபோர்டில் களமிறங்கியவர்களில் பெரும்பாலோர் பூட்ஸ் அணியவில்லை. இரண்டு பெனால்டிகளைக் கோட்டைவிட்ட அந்த ஆட்டத்தில் சாரங்கபாணி ராமன் அடித்த கோலால் சமநிலைக்கு வந்தும், ஆட்டம் முடியும் தறுவாயில் வாங்கிய கோலால் 1-2 எனத் தோற்றோம். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலும் பலர் வெறுங்காலுடனேயே ஆடினர். யூகோஸ்லாவியாவிடம் 1-10 எனத் தோற்ற பிறகே பூட்ஸ் கட்டாயமாயிற்று.

பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் ஆகியவை தகுதிச் சுற்றிலிருந்து விலகியதால் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் கிடைத்தது அந்த உலகக் கோப்பை வாய்ப்பு. இத்தாலி, சுவீடன், பராகுவே இருந்த பிரிவில் நமக்கு இடம் ஒதுக்கப்பட்டது. பயணச் செலவில் பெரும்பகுதியை ஏற்கவும் பிரேசில் முன்வந்தது. அன்றைய கூட்டமைப்பு சொன்ன காரணங்களோ அணித் தேர்வில் கருத்து வேறுபாடு, பயிற்சிக்குப் போதிய அவகாசமின்மை ஆகியவையே. உலகக் கோப்பையைவிட ஒலிம்பிக்கையே பெரிதாக மதித்த காலம் அது என்பதும் சேர்ந்துகொண்டது. வெறுங்கால் காரணத்தை அன்றைய அணித் தலைவர் சைலேன் மன்னாவே பிற்காலத்தில் மறுத்திருக்கிறார். நிர்வாகிகள் எடுத்த முடிவின் பழி எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக வீரர்களின் கால்மீதே கிடக்கிறது.

அந்த வீரர்கள் ஆடத் தெரியாதவர்களும் அல்லர். 1951இலேயே டெல்லியில் ஈரானை 1-0 என வென்று ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் பெற்றனர். சையத் அப்துல் ரஹீம் பயிற்சியளித்த அணி, நெவில் டிசூசாவின் மூன்று கோல்களோடு ஆஸ்திரேலியாவை வீழ்த்தி, 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம் பிடித்தது. 1962இல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2-1 என வென்று மீண்டும் தங்கம். பிறகு வந்த சரிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோல்கூட இல்லாமல் திரும்பியபோதும், பயிற்சி முகாமுக்கு நாள் போதவில்லை என்ற பேச்சே எழுந்தது என்பதை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை.

ஆகவே 1950 முடிவு தொடர்பாகத் தங்கள் வசம் எஞ்சியிருக்கும் கூட்டக் குறிப்புகளையும் கடிதங்களையும் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டுகிறேன். ஒலிம்பிக்கில் ஆடிய வீரர்களைப் பற்றிய முழுமையான பதிவேட்டையும் அத்துடன் தொகுக்க வேண்டும். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராகக் கோல் அடித்த தஞ்சாவூர்க்காரர் சைமன் சுந்தரராஜுக்குப் பின் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவுக்காக வேறு எவரும் கோல் அடித்ததில்லை. அவர் பெயரை அறிந்தவர்கள் தமிழ்நாட்டிலேயே சிலர்தாம்.

இப்படிக்கு,
ஒரு கால்பந்து ரசிகர்