எடைக்குப் போகும் பழங்காசுகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெள்ளி விலை ஏறத் தொடங்கியதிலிருந்து, வீட்டுப் பீரோவிலும் பூஜை அறைப் பெட்டியிலும் கிடந்த விக்டோரியா ராணி, ஜார்ஜ் மன்னர் தலை போட்ட ரூபாய்கள் நகைக்கடைத் தராசுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பார்த்துப் பார்த்துச் சேர்த்தவர்களும்கூட, இந்த விலை இனி வருமோ வராதோ என்று பெட்டியோடு கொடுத்துவிடுகிறார்கள். விற்பவர்களைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. மகளின் திருமணம், மருத்துவச் செலவு, வீட்டுக் கடன் என்று நெருக்கடி வரும்போது கையில் இருப்பதை விற்கத்தான் வேண்டும். ஆனால், மதுரையில் பழங்காசு சேர்ப்பவர்களோடு நெடுங்காலமாகப் பழகி வருபவன் என்ற முறையில், விற்ற பிறகு அவர்கள் எதை எண்ணி வருந்துகிறார்கள் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். குறைந்த விலைக்கு விற்றதைச் சில மாதங்களில் மறந்துவிடுகிறார்கள். கைவிட்டுப் போன காசு இன்னதென்று சரியாகப் பார்க்காமலும், பார்த்ததை எழுதி வைக்காமலும் விட்டதுதான் பல ஆண்டுகளுக்குப் பிறகும் அவர்களை உறுத்துகிறது.

முதலில் வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்வோம். 1835ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரே சீரான ரூபாயை வெளியிட்டது முதல், ஏறத்தாழ நூறாண்டுக் காலம் அதன் எடை 11.66 கிராம், வெள்ளி நூற்றுக்கு 91.7 பங்கு. 1940 முதல் வெள்ளி பாதியாகக் குறைந்தது. 1947இல் ரூபாய் நிக்கலுக்கு மாறியது. எடைக்குப் போடுகிறவர் இவ்வளவைத் தெரிந்துகொண்டாலே போதும் என்று நினைக்கிறார். ஆனால் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் 1938ஆம் ஆண்டு ரூபாய்க்கும் 1939ஆம் ஆண்டு ரூபாய்க்கும் எடையிலோ வெள்ளியிலோ எந்த வேறுபாடும் கிடையாது. முன்னது தேடினால் கிடைக்கும். பின்னது மிக மிக அரிது, அதனாலேயே அதற்குப் போலிகளும் உலவுகின்றன. கடைசி இலக்கத்தைப் பார்க்காமல் ஒருவர் தராசில் வைத்துவிட்டால், கடைக்காரரும் பார்க்கப் போவதில்லை; அது உலைக்குப் போய்விடும். 1911ஆம் ஆண்டு ரூபாயின் கதையும் இத்தகையதே. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் பொறித்த யானை, துதிக்கை குட்டையாக இருந்ததால் பன்றியைப் போலத் தோன்றுகிறது என்று எதிர்ப்பு எழுந்தது. அந்தக் காசுகள் பெருமளவில் திரும்பப் பெற்று உருக்கப்பட, 1912 முதல் துதிக்கை தெளிவாகத் தெரியும்படி அச்சு மாற்றப்பட்டது. ஒருமுறை அரசே உருக்கியதிலிருந்து தப்பி வந்த காசை, நூறாண்டு கழித்து நாம் உருக்கக் கொடுக்கிறோம்.

வெள்ளியைக் காட்டிலும் செம்புக் காசுகளில்தான் இழப்பு மிகுதி என்பது என் கருத்து. தமிழ்நாட்டில் பழங்காசு சேர்க்கத் தொடங்கும் எவர் கைக்கும் முதலில் வருவது ராஜராஜன் காசு. ஒருபுறம் நின்றிருக்கும் உருவம், மறுபுறம் அமர்ந்திருக்கும் உருவம், அதன் அருகே நாகரி எழுத்தில் ‘ஸ்ரீ ராஜராஜ’ என்ற பெயர். எங்கும் கிடைப்பதால் இதற்கு மதிப்பில்லை என்று எண்ணி, ‘ஒன்றுக்கு நான்காக இருக்கிறதே’ என்று மிகையானவற்றைக் கழித்துவிடுவது வழக்கம். கையால் அடித்த காசு இது. அச்சு பெரிதாகவும் செம்புத் துண்டு சிறிதாகவும் இருந்ததால், ஒரு காசில் பெயரின் முற்பாதி விழுந்திருக்கும், இன்னொன்றில் பிற்பாதி. ஒன்றில் கால் தெரியாது, மற்றொன்றில் தலை தேய்ந்திருக்கும். நான்கைந்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் அச்சு முழுமையாக எப்படி இருந்தது என்பது விளங்கும். மிகை என்று கழித்தது, வைத்துக்கொண்டதைப் படிப்பதற்குத் தேவையானதாகவே பல வேளைகளில் அமைந்துவிடுகிறது.

இதைவிட வருத்தமானது இன்னொன்று உண்டு. இலங்கையில் சோழர் ஆட்சி முடிந்த பின்னும் அந்நாட்டு மன்னர்கள் அதே அமைப்பில் காசு வெளியிட்டார்கள். நின்ற உருவமும் அமர்ந்த உருவமும் மாறவில்லை, பெயர் மட்டும் மாறியது. பராக்கிரமபாகு, விஜயபாகு மட்டுமன்றி, 12ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் அன்றைய தலைநகரான பொலன்னறுவையில் மும்முறை அரியணை ஏறிய அரசி லீலாவதியும் தம் பெயரில் காசு அடித்தார். தமிழ்நாட்டுக் கடைகளில் இவையெல்லாம் ‘ராஜராஜன் காசு’ என்ற ஒரே பெயரில் ஒரே டப்பாவில் கிடப்பதுண்டு. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வு பெற்ற என் நண்பர் ஒருவர், மனைவியின் அறுவைச் சிகிச்சைக்காகத் தம்மிடமிருந்த செம்புக் காசுகளை மொத்தமாக ஒரு வியாபாரிக்குக் கொடுத்தார். பின்னர் ஒரு நாணயக் கண்காட்சியில், விளிம்பில் இருந்த வெட்டுத் தழும்பை வைத்துத் தம் காசுகளில் ஒன்றை அடையாளம் கண்டார். அட்டை ஹோல்டருக்குள் இருந்த அதன்மேல் ‘லீலாவதி’ என்று எழுதியிருந்தது. அமர்ந்த உருவத்தின் கைக்குக் கீழே இருந்த எழுத்துகளைத் தாமும் பலமுறை பார்த்திருந்தும், ராஜராஜன் என்றே நம்பிவிட்டதால் எழுத்துக் கூட்டிப் படிக்கவில்லையே என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். காசை மீண்டும் வாங்கித் தருகிறோம் என்று நாங்கள் சொன்னபோது வேண்டாம் என்று மறுத்துவிட்டார். இத்தனை ஆண்டுகள் வீட்டில் இருந்தபோது யாருடைய காசு என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதே அவருடைய ஆதங்கம்.

எங்கே கிடைத்தது என்ற குறிப்பு தொலைந்துபோவது எல்லாவற்றிலும் பெரிய கேடு. வைகை மணலிலும், கரூரில் அமராவதி மணலிலும் சலித்து எடுத்த காசுகளிலிருந்துதான் சங்க கால மன்னர்களின் நாணயங்களைப் பற்றி நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி வந்தது. ரோமானியக் காசைப் போலத் தலை உருவமும் ‘மாக்கோதை’ என்ற பெயரும் கொண்ட சேரர் வெள்ளிக் காசு கரூரில் கிடைத்தது. குதிரை உருவமும் ‘பெருவழுதி’ என்ற பெயரும் பொறித்த பாண்டியரின் சதுரச் செம்புக் காசைப் படித்து அறிவித்தவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. சுண்டுவிரல் நக அளவுக்குச் சற்றே பெரிதான, பச்சைக் களிம்பு ஏறிய ஒரு செம்புத் துண்டு படிக்கத் தெரிந்தவர் கைக்கு வந்ததால் அந்தப் பெயர் நமக்குக் கிடைத்தது. அதே துண்டு பழைய உலோகக் கடையில் பித்தளையோடு பித்தளையாக எடைக்குப் போயிருந்தால் கேட்பாரே இருந்திருக்க மாட்டார்கள். காசு தப்பிப் பிழைத்தாலும், ‘இன்ன ஊர்ப் படித்துறை, இன்ன ஆண்டு’ என்று சேகரித்தவர் எழுதிய துண்டுச் சீட்டை எறிந்துவிட்டு விற்றால் அதன் வரலாற்றில் பாதி அங்கேயே முடிந்துபோகும். போதாததற்கு, நல்ல விலை வரும் என்று புளி போட்டுத் துலக்கிவிடுகிறார்கள். களிம்போடு எழுத்தும் போய்விடுகிறது.

சேகரித்தவர் காலமான பிறகு குடும்பத்தார் விற்கும்போது இவை அனைத்தும் ஒன்றுசேர்ந்து நடக்கின்றன. அவர்களுக்கு இரண்டு திசையிலிருந்தும் தவறான தகவல் வருகிறது. எடைக்கு வாங்குகிறவர் எல்லாம் வெறும் உலோகம் என்கிறார். கைப்பேசியில் வரும் விளம்பரமோ, வைஷ்ணவதேவி உருவம் போட்ட 5 ரூபாய்க்குப் பல லட்சம் தருவதாகச் சொல்லி, முதலில் கட்டணம் கட்டச் சொல்கிறது. தன் பெயரைப் பயன்படுத்தி இப்படிப் பழைய நாணயங்களுக்குக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. நாள்தோறும் புழக்கத்தில் வந்த அந்த 5 ரூபாயைப் பத்திரப்படுத்திவிட்டு, நாயக்கர் காலச் செம்புக் காசுகளைக் கிலோக் கணக்கில் போட்ட குடும்பங்களை நான் அறிவேன்.

ஆகவே, விற்கத்தான் வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களிடம் நான் வேண்டுவது சிறிது. கடைக்குப் போகுமுன் பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, ஒவ்வொரு காசையும் இருபுறமும் கைப்பேசியில் படம் எடுங்கள். நகை நிறுக்கும் சிறு தராசில் எடை பாருங்கள். எங்கே, யாரிடம், எப்போது கிடைத்தது என்பது தெரிந்தால் ஒரு வரி எழுதி, ஒரு படியை நீங்கள் வைத்துக்கொண்டு மற்றொன்றைக் காசோடு கொடுத்துவிடுங்கள். துலக்காதீர்கள். ஊரில் நாணயவியல் சங்கம் இருந்தால் அங்கே ஒருமுறை காட்டிவிட்டு விற்கலாம். காட்டியதால் விலை குறையப் போவதில்லை. நூறாண்டைக் கடந்த காசுகளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும், மண்ணிலிருந்து கிடைத்த புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்வதையும் விற்பவர், வாங்குபவர் இருவரும் நினைவில் கொள்ள வேண்டும்.

தங்கள் நாளிதழ் வாயிலாக அரசிடமும் ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சிறந்த நாணயத் தொகுப்பு உள்ளது. மாவட்டங்களிலும் அரசு அருங்காட்சியகங்கள் இயங்குகின்றன. மாதத்தில் ஒரு நாள், பொதுமக்கள் தம்மிடமுள்ள பழங்காசுகளைக் கொண்டுவந்து காட்டவும், வல்லுநர் ஒருவர் அவற்றை அடையாளம் கண்டு பதிவேட்டில் படத்தோடு குறித்துக்கொள்ளவும் அங்கெல்லாம் ஏற்பாடு செய்யலாம். காசை வாங்கி வைத்துக்கொள்வார்களோ என்ற அச்சம் மக்களுக்கு உண்டு. சட்டப்படி உரியவரிடமே திருப்பித் தரப்படும் என்பதை அறிவிப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால், வெள்ளி விலை உயர்ந்திருக்கும் இந்த வேளையிலேயே பலர் முன்வருவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

இப்படிக்கு,
பழங்காசு ஆர்வலர் ஒருவர்,
மதுரை.