மூன்று சுற்று

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. மகள் கல்லூரியில் சேர்ந்ததைப் படித்து மனம் நிறைந்தது. என் வாழ்த்தைச் சொல்லிவிடு.

பதில் போடத் தாமதமானதற்குக் காரணம் உண்டு. போன மாதம் நான் ஓட்டிய விமானத்தில் ஒரு கோளாறு. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, பயப்படாதே. இப்போது நீ சிமுலேட்டரில் விமானிகளுக்குப் பயிற்சி கொடுப்பதால் விவரமாகவே சொல்கிறேன்.

ஏர்பஸ் ஏ320. 34,000 அடியில் போய்க்கொண்டிருந்தோம். 'டிங்' என்று ஒரு சத்தம், திரையில் மஞ்சள் எழுத்து. எண்ணெய் அழுத்தத்தில் பாகங்களை அசைக்கும் பச்சை, நீலம், மஞ்சள் என்ற மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளில், பச்சையின் தொட்டியில் எண்ணெய் குறைந்துகொண்டே போகிறது. உடனே எதையாவது அமுக்கச் சொல்லிக் கை பரபரக்கும், உனக்குத் தெரியாததா? துணை விமானியிடம், "நீ ஓட்டு, ரேடியோவும் உன்னிடமே" என்றேன். சின்னப் பெண், பணியில் சேர்ந்து இரண்டு வருஷம்தான். நான் திரையில் வந்ததை வரிவரியாகப் படித்துச் செய்து முடிக்கும்வரை, அவள் கண் தன் முன்னால் இருந்த உயரத்தையும் வேகத்தையும் விட்டு அகலவே இல்லை.

நீலமும் மஞ்சளும் நன்றாக இருந்ததால் விமானம் சொன்னபடி கேட்டது. சக்கரத்தை இறக்குவது பச்சை என்பதால், அதுதான் வழக்கம்போல் இறங்காது. நீளமான ஓடுபாதை உள்ள நிலையத்தைக் கேட்டு வாங்கினோம். கேபின் குழுவிடமும் பயணிகளிடமும் உள்ளதை உள்ளபடி சொன்னேன். அப்புறம், இருக்கைகளுக்கு நடுவில் பின்பக்கம் மடங்கிக் கிடக்கும் அந்தக் கைப்பிடியை இழுத்து, வலப்பக்கமாக மூன்று சுற்று. இத்தனை வருஷத்தில் நிஜமாகச் சுற்றியது இதுதான் முதல் தடவை. சக்கரங்கள் தம் எடையிலேயே விழுந்தன. அவற்றின் கதவுகள் திரும்ப மூடாது அல்லவா, எங்கள் காலடியில் காற்று இரைந்துகொண்டே வந்தது. சக்கரங்கள் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்கும் எரிந்தபோது அவள் அதைச் சத்தமாகச் சொன்னாள். சொன்ன கையோடு உயரத்தையும் சொன்னாள்.

இறங்கி ஓடுபாதையிலேயே நின்றோம். மூக்குச் சக்கரத்தைத் திருப்ப வழியில்லை. இழுவை வண்டி வந்து கூட்டிப்போனது.

அன்று இரவு தூக்கமே வரவில்லை. 1972 டிசம்பர் 29 நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் மயாமிக்குப் பக்கத்தில் விழுந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானம். முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. பல்புதான் கெட்டிருந்தது. எல்லாரும் அதிலேயே மூழ்கிவிட, 2,000 அடியில் இருந்த விமானம் மெல்ல மெல்ல இறங்கியது யார் கண்ணிலும் படவில்லை. எச்சரிக்கை மணி அடித்தும் காதில் விழவில்லை. சதுப்பு நிலத்தில் 101 உயிர்கள் போயின. அன்று அந்த விமானி அறையில் என் துணை விமானிப் பெண்ணைப் போல ஒருவர் உயரம் காட்டும் கருவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்திருந்தால் என்று நினைக்க நினைக்கத் தொண்டை அடைக்கிறது.

சரி, ஒரு உதவி கேட்கிறேன். நாம் பயிற்சியில் இருந்தபோது நமக்கு எஞ்சினை அணைத்துக் காட்டினார்கள், தீயைக் காட்டினார்கள். உன் அடுத்த பிள்ளைகளுக்கு ராத்திரி நேரத்தில் ஒரே ஒரு பல்பை மட்டும் அணைத்துப் பார். வேறு எதையும் தொடாதே. எத்தனை பேர் உயரத்தைப் பார்த்தார்கள் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத் தோழன்